மூடிப்போன ராட்டினங்கள்: வடாற்காட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வடாற்காடு மாவட்டம் 1989ல் இரண்டானது. 2019ல் வேலூர் மட்டுமே மூன்றாகப் பிரிந்தது. ஆனால் எக்ஸிபிஷன், ஸ்கூல் டூர், திருவிழா ராட்டினம் என்று பேச்செடுத்தால் ஆரணிக்காரரும் ஆம்பூர்க்காரரும் ஒரே ஊர்க்காரர் ஆகிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம், இப்போது இல்லாத சவாரிகளைப் பற்றிக் கேட்டு எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. போட்டோ வரும், கசங்கிய டிக்கெட் வரும், கூடவே கேள்வியும் வரும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தெந்த சவாரியைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

முக்கியமாக நாலு. டெல்லியில் இருந்த அப்பு கர் என்ற கேளிக்கைப் பூங்கா. தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தா பூங்கா. வேலூர்க் கோட்டை அகழியில் ஓடிய படகு. அப்புறம், கையால் தள்ளிச் சுற்றுகிற நாலு பெட்டி மர ராட்டினம். முதல் மூன்றையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். நாலாவதை யாரும் நிறுத்தவில்லை, ஒரு வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை, அவ்வளவுதான்.

டெல்லி அப்பு கருக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்?

பட்டாளம். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார். சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ ஊர் அப்படித்தான். அப்பாவுக்கு டெல்லியில் போஸ்டிங் வந்து ஃபேமிலி குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டால், பிள்ளைகள் இரண்டு மூன்று வருஷம் அங்கே கேந்திரிய வித்யாலயாவில் படிப்பார்கள். அந்த வருஷங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் அப்பு கர்.

அப்புறம் வருஷ லீவுக்குக் கேரளா எக்ஸ்பிரஸில் வந்து காட்பாடியில் இறங்கினால், ஊரில் இருக்கிற சித்தப்பா பிள்ளைகளிடம் அளப்பு ஆரம்பமாகும். இவர்கள் பார்த்த ரோலர் கோஸ்டரை அவர்கள் நம்பவே மாட்டார்கள். ரயிலாம், தண்டவாளமாம், மேலே ஏறி அப்படியே விழுமாம், ஆனால் யாரும் சாக மாட்டார்களாம். குடை ராட்டினத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன் எப்படி நம்புவான்?

அப்பு கரைப் பற்றி எனக்கு வந்த நினைவுகளில் பாதிக்கு மேல் இயந்திரமே இல்லை. அப்பாதான் இருக்கிறார். எல்லையில் பனியில் நின்று காவல் காத்த மனுஷன், ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்ததும் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார் என்று ஒருவர் சொன்னார். யூனிஃபார்ம் இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில் அப்பாவை அவ்வளவு நேரம் பார்த்ததே அன்றைக்குத்தானாம். அவர் ஏறிய சவாரியின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. சட்டை ஞாபகமிருக்கிறது.

அப்பு கரை ஏன் மூடினார்கள்? விபத்தா?

இல்லை, நிலம். 1984 நவம்பர் 19 அன்று பிரகதி மைதான வளாகத்தில் திறந்தார்கள். இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று பெயர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு யானையின் பெயரை வைத்தார்கள். அந்தச் சின்னத்துக்கு முன்மாதிரி கேரளத்துக் குட்டிநாராயணன் என்ற நிஜ யானை. குத்தகை முடிந்ததும் இடத்தை உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் கொடுத்துவிட்டார்கள். 2008 பிப்ரவரி 17 கடைசி நாள். நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடம் 2019 ஜூலையில் அங்கே திறக்கப்பட்டது. வழக்குக்காக டெல்லி போகிற நம்ம ஊர் வக்கீல்களில் யாராவது சின்ன வயதில் அங்கே ராட்டினம் ஏறியிருந்தால் எனக்கு எழுதுங்கள், அந்தக் கதைக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

ஸ்கூல் டூரில் போன கிஷ்கிந்தா?

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த பத்து வருஷத்திலும் வேலூர், குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கம் படித்தவர்களுக்கு டூர் என்றால் வண்டலூர் ஜூ, கிஷ்கிந்தா, மெரினா. சில ஸ்கூலில் மெரினாவுக்குப் பதில் மகாபலிபுரம்.

1995ல் கிஷ்கிந்தாவை ஆரம்பித்தவர் நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்தவர். சினிமாக்காரர் கட்டிய பூங்கா என்பதால் உள்ளே எல்லாமே செட் போட்ட மாதிரி இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். 2016ல் புதிய சவாரி ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது விபத்து நடந்து ஊழியர் ஒருவர் இறந்தார். பூங்கா இப்போது இயங்கவில்லை.

டூர் நினைவுகளைப் படித்தால் எல்லாம் ஒரே பஸ்ஸில் போன மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கமே வராது. மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ ஸ்கூல் வாசலில் வீடியோ கோச் நிற்கும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. ராணிப்பேட்டை தாண்டும் வரை பாட்டு, காவேரிப்பாக்கம் ஏரி வரும்போது முதல் வாந்தி. காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் என்று போகும் அந்தப் பாதையில், எங்கோ ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் பல் விளக்கச் சொல்வார்கள். மத்தியானத்துக்கு வீட்டில் கட்டிக் கொடுத்த புளிசோறு, பஸ்ஸுக்குள் காலையிலேயே வாசனை அடித்துவிடுவதால் ஒன்பது மணிக்கே தீர்ந்துபோகும்.

அங்கே போனால் ராட்டினத்தை விட அலைக் குளத்துக்குத்தான் ஓட்டம். இது கடலோரத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நின்றுகொண்டிருக்கும்போது தண்ணீர் தானாக எழுந்து வந்து மோதுவது அதுவரை நடக்காத காரியம். அன்று சாயங்காலம்தான் பலர் மெரினாவில் நிஜக் கடலைப் பார்த்தார்கள். அதாவது, எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையில் கணிசமான பேர் முதலில் பார்த்த அலை மோட்டார் போட்ட அலை. கடலைப் பார்த்ததும் "இன்னாடா, அதைவிடப் பெருசா கீது" என்றானாம் ஒரு பையன்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் ஜன்னல் கம்பி முழுக்க ஈர டவலும் நிக்கரும் கட்டித் தொங்கும். பி.டி. சார் முன் சீட்டிலேயே தூங்கிவிடுவார். டூர் பணம் கட்ட முடியாமல் வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகளும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை கிளாஸில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருக்க, தானும் போனதுபோல் தலையாட்டியதை ஒரு அக்கா எழுதியிருந்தார். அதையும் கிஷ்கிந்தா நினைவு என்றே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோட்டை அகழியில் படகு விட்டார்களா? முதலை இருந்ததே?

விட்டார்கள். இன்று கோட்டைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை, ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

முதலைக் கதை அதற்கு முந்தியது. பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை இது, அந்தக் காலத்தில் எதிரி நீந்தி வரக்கூடாது என்று அகழியில் ஆயிரக்கணக்கில் முதலை விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். படகில் ஏறுகிற எந்தக் குழந்தையையும் சும்மா விடாமல் மாமாவோ அண்ணனோ அந்தக் கதையைச் சொல்லிவிடுவார். பிறகு அந்தக் குழந்தை படகு முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

படகில் ஏறினால்தான் தெரிகிற ஒரு விஷயம் உண்டு. பாலத்தில் நடந்து உள்ளே போகும்போது கோட்டைச் சுவர் ஒரு சுவர், அவ்வளவுதான். தண்ணீரில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு கருங்கல்லும் தனித்தனியாகத் தெரியும், இடுக்கில் முளைத்த அரசங்கன்று தெரியும், சுவர் நம் மேல் சாய்வதுபோல இருக்கும். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சியைப் பாடத்தில் படித்தபோது வராத பயம், அங்கே படகில்தான் வந்தது என்று ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் சொன்னார்.

திரும்ப விட வேண்டும் என்று நான் நினைக்கிற ஒரே சவாரி இதுதான். துடுப்புப் படகாக இருந்தால் போதும், மோட்டார் வேண்டாம், பாட்டு வேண்டவே வேண்டாம்.

சின்ன வயதில் வானத்தைத் தொட்ட ஜெயண்ட் வீல் இப்போது சின்னதாகத் தெரிகிறதே, நிஜமாகவே சின்னதாக்கிவிட்டார்களா?

இல்லை, நீங்கள்தான் வளர்ந்துவிட்டீர்கள். மூன்றரை அடி உயரத்தில் இருந்து பார்த்தது மனசில் அப்படியே நின்றுவிடும். ஊர் ஊராகப் போகிற ஜெயண்ட் வீல் பொதுவாக ஐம்பது அறுபது அடிதான். நூற்றைம்பது அடி என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போட்டோ இருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். ராட்டினத்தின் காலடியில், அதே தூரத்தில் நிற்கிற ஒரு ஆளைத் தேடுங்கள். ஐந்தரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலால் போட்டோவில் அந்த ஆளை அளந்து, ராட்டினத்தையும் அளந்து, எத்தனை மடங்கு என்று பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை எடுத்தால் கணக்கு தப்பும். கீழே இருந்து அண்ணாந்து எடுத்த போட்டோவிலும் உயரம் குறைத்துத்தான் வரும். துல்லியம் கிடைக்காது, ஆனால் அண்ணன் தம்பி சண்டையைத் தீர்க்கிற அளவுக்குப் போதும்.

உலகத்தின் முதல் பெரிய ஜெயண்ட் வீல் 1893ல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெர்ரிஸ் என்ற இன்ஜினீயர் கட்டியது. அதன் உயரம் 264 அடி. 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். நாம் ஏறியது அதன் பேரனுக்குப் பேரன்.

கொலம்பஸில் வயிறு மட்டும் ஏன் தனியாக மேலே போகிறது?

படகு மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் சீட் உங்களைத் தாங்குவது கிட்டத்தட்ட நின்றுபோகும். உடம்புக்குள்ளே இருக்கிற குடலும் இரைப்பையும் வழக்கமாகக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும், அந்த ஒரு கணம் அந்த அழுத்தம் இல்லை. அதைத்தான் குடல் தொண்டைக்கு வந்துவிட்டது என்கிறோம். அடியில் வேகமாகக் கடக்கும்போது நேர் எதிர், உடம்பு கனக்கும். கடைசி வரிசைதான் மிக உயரம் போகும், ஆகவே அங்கேதான் அலறல் அதிகம். நடுவில் உட்கார்ந்துவிட்டு வீரம் பேசியவர்களை நம்ப வேண்டாம்.

டேஷிங் காரில் மேலே பொறி பறந்ததே, ஆபத்தில்லையா?

காரின் பின்னால் நிற்கிற கம்பி மேலே இருக்கும் வலையில் உரசி மின்சாரம் எடுக்கும். தரையில் இருக்கும் இரும்புத் தகடு வழியாக அது திரும்பிப் போகும். உரசல் விட்டு விட்டுப் படும்போது பொறி. குறைந்த அழுத்த மின்சாரம்தான். இருந்தாலும் ஓடும்போது இறங்கி நடக்காதே என்று அந்த அண்ணன் கத்தியது காரணமில்லாமல் இல்லை. மோதலே ஒரு காரணம், தரை இன்னொரு காரணம்.

மர ராட்டினம் பற்றி யாருமே எழுதவில்லையே?

அதனால்தான் இதற்குக் கொஞ்சம் இடம் தருகிறேன். இரண்டு மரக் கால், நடுவில் அச்சு, நாலு பெட்டி. பெட்டிக்கு இரண்டு பிள்ளைகள், நோஞ்சானாக இருந்தால் மூன்று. மோட்டார் கிடையாது. ஒருவர் பக்கத்தில் நின்று, கீழே வருகிற பெட்டியைக் கையால் பிடித்துத் தள்ளிவிடுவார், அடுத்தது வரும், அதையும் தள்ளுவார். வேகம் பிடித்ததும் கையை எடுத்துவிட்டு நிற்பார். நிறுத்தும்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே ஓடுவார்.

பேரணாம்பட்டுப் பக்கம் இதை ஓட்டிய ஒரு பெரியவரைப் பார்த்துப் பேசினேன். ஏறிய எவரும் சொல்லாத விஷயம் எல்லாம் அவரிடம் இருந்தது. பிள்ளைகளை வரிசைப்படி ஏற்ற மாட்டாராம். வரிசையில் நிற்கும்போதே யார் எவ்வளவு கனம் என்று கண்ணால் எடை போட்டு, குண்டுப் பையனை ஒரு பெட்டியில் வைத்தால் அதற்கு எதிர்ப்பெட்டியில் இரண்டு ஒல்லிகளை வைப்பாராம். ஒரு பக்கம் கனத்துவிட்டால் தள்ளுகிறவன் தோள்பட்டை போய்விடும். நண்பர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று அடம்பிடித்து, இவர் விடாமல், அழுதுகொண்டே ஏறிய கதைகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. அழுதவர்களுக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

அச்சுக்கு மாட்டு வண்டிக்குப் போடுகிற மைதான். அது காய்ந்தால் கிறீச்சிடும், கிறீச்சிட்டால் அம்மாக்கள் பயந்து பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள், வருமானம் போகும். அதனால் கூட்டம் வருவதற்கு முன் மை போட்டுவிடுவாராம். ஆனால் அந்தக் கிறீச்சு சத்தத்தைத்தான் எல்லாரும் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். அவரிடம் இதைச் சொன்னதும் சிரித்தார்.

ஏறியவர்களை விட ஓட்டியவர்களிடம் கேட்பதே நல்லது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். உங்கள் ஊரில் ராட்டினம் ஓட்டியவர், டிக்கெட் கிழித்தவர், ஜெனரேட்டர் பார்த்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். நம் நினைவு எங்கேயும் போகாது.

மரணக் கிணறு?

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. பலகைச் சுவர், உள்ளே சைலன்சர் கழற்றிய பைக், சில சமயம் மாருதி 800. சுற்றுகிற வேகத்தில் டயர் சுவரை அழுத்த, அந்த உராய்வுதான் வண்டியைத் தாங்குகிறது. ஐந்து மீட்டர் ஆரமுள்ள கிணறு என்றால் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டியே ஆக வேண்டும், நிம்மதியாகச் சுற்ற இன்னும் அதிகம் வேண்டும். மேலே நின்று நாம் நீட்டுகிற பத்து ரூபாயைக் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போவார் ஓட்டுகிறவர். ஹெல்மெட் கிடையாது, இன்ஷூரன்ஸ் எங்கே இருக்கப்போகிறது? இது முழுசாக நின்றுபோனால் நான் வருத்தப்பட மாட்டேன். பார்த்த நினைவு இனிப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மூடிய சவாரியின் இரும்பெல்லாம் எங்கே போகும்?

பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கு. நல்ல நிலையில் இருந்தால் சின்னப் பூங்காவோ எக்ஸிபிஷன்காரரோ வாங்கி, பெயின்ட் அடித்து, வேறு பெயரில் ஓட்டுவார். சிகாகோவின் அந்த முதல் ராட்டினத்தையே 1906ல் வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள் என்றால் மற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிலதுக்கு விசித்திரமான முடிவு கிடைக்கும். ஃபுளோரிடா டிஸ்னியில் 1971 முதல் 1994 வரை நீர்மூழ்கிக் கப்பல் சவாரி ஒன்று ஓடியது. உண்மையில் அது மூழ்கவே இல்லை. தண்ணீருக்கடியில் தண்டவாளம், ஜன்னலுக்கு வெளியே குமிழி விட்டு மூழ்குவதுபோல் காட்டினார்கள். மூடிய பிறகு அதில் இரண்டைக் கடலில் நிஜமாகவே மூழ்கடித்தார்கள், டிஸ்னியின் தீவுக்கு வருகிறவர்கள் முக்குளித்துப் பார்ப்பதற்காக.

எல்லாரும் சேர்ந்து கேட்டால் திரும்பத் திறக்க மாட்டார்களா?

திறக்க மாட்டார்கள் என்பதுதான் இதுவரை கண்ட அனுபவம். அதே ஃபுளோரிடாவில் மிஸ்டர் டோட் என்ற தேரையின் சவாரியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே போராட்டம் செய்தார்கள். 1998 செப்டம்பர் 7 அன்று மூடியே விட்டார்கள். கலிஃபோர்னியாவில் அந்தச் சவாரி இன்னும் ஓடுகிறது என்பது ஆறுதல்.

டிஸ்னியின் ஸ்பிளாஷ் மவுன்டன் கதை வேறு மாதிரி. மரக்கட்டைப் படகில் போய் உச்சியிலிருந்து விழும் சவாரி. கருப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கடும் விமர்சனத்துக்கு ஆளான 1946ஆம் வருஷத்துப் படம் ஒன்றின் பாத்திரங்களை வைத்துக் கட்டியது. 2020ல் மாற்றப்போவதாக அறிவித்து 2023ல் அமெரிக்காவில் இரண்டு இடத்திலும் மூடினார்கள். கடைசி நாளில் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து இணையத்தில் விலைக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். தண்டவாளத்தையும் தண்ணீரையும் அப்படியே வைத்துக்கொண்டு, 2024ல் கதையை மட்டும் மாற்றித் திறந்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. விழுகிறபோது வருகிற அலறலுக்குக் கதை தேவையில்லை.

இதில் என் கருத்து இதுதான்: ஒன்றுக்காக ஏங்குவது வேறு, அது திரும்ப வர வேண்டும் என்று கேட்பது வேறு. துருப்பிடித்த போல்ட்டோடு ஓடிய ராட்டினத்தில் ஏறி நாம் பிழைத்து வந்தோம் என்பதால் அதில் நம் பிள்ளையை ஏற்ற வேண்டியதில்லை. மூடியது நியாயம் என்று சொல்லிக்கொண்டே மனசு கனக்கலாம், அதில் முரண் ஒன்றும் இல்லை.

வேலூரிலேயே ஒரு தீம் பார்க் ஏன் வரவில்லை?

காலேஜும் ஆஸ்பத்திரியும் இவ்வளவு கூட்டத்தை இழுக்கிற ஊரில் இது நியாயமான கேள்விதான். கோட்டையை ஒட்டி எதுவும் கட்ட முடியாது: தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னத்தில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 2010ல் சட்டம் திருத்தினார்கள். வெளியே நிலம் கிடைக்கும், ஆனால் தண்ணீர் விளையாட்டு இல்லாமல் நம்ம ஊர் வெயிலில் யார் வருவார்? பாலாறு இருக்கிற இருப்பில் அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது? வரியும் லேசில்லை. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த டிக்கெட்டுக்கு 28 சதவீதம், 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். வார நாளில் காலியாகக் கிடக்கும் தொழிலுக்கு அதுவே பாரம். வராமல் இருப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, நாலு மணிக்குப் பஸ் ஏறாத டூர் என்ன டூர்?

பழைய போட்டோவும் டிக்கெட்டும் வைத்திருக்கிறேன். எப்படிப் பாதுகாப்பது?

லேமினேட் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது செய்துவிடுகிறார்கள். சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

ஒட்டும் பக்கம் உள்ள பழைய ஆல்பத்தில் இருந்தால், வருகிற போட்டோக்களை மட்டும் மெதுவாக எடுங்கள், ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட் என்றால் 600 டிபிஐ போதும். நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் பொக்கிஷம், 2400க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கல்யாண வீடியோவுக்குப் பின்னால் மீதி இருந்த டேப்பில் எக்ஸிபிஷனை எடுத்து வைத்தவர்கள் உண்டு. விஎச்எஸ் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் போகும், ஹெட்டும் போகும். மாற்றிக் கொடுக்கிற ஸ்டூடியோவில் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பேனாவில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

விலைக்குப் போகுமா?

போகாது. வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவிடம் கேட்டால் "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப" என்கிறார். எப்படிப் பேச வைப்பது?

"உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் வாய் திறக்காது. டிக்கெட் எவ்வளவு, எங்கே செருப்பைக் கழற்றி விட்டீர்கள், யார் வாந்தி எடுத்தார்கள், திரும்பி வர எந்தப் பஸ் என்று கேளுங்கள். காசில் ஆரம்பித்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தானாகப் பேசுவார்கள். ஆயாவும் தாத்தாவும் ஒன்றாக இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், அந்தச் சண்டையில் விஷயம் வெளியே வரும். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். போனில் ரெகார்டரை ஓட விட்டுக் காபி குடியுங்கள்.

அந்த மாதிரி சவாரி இப்போது நம் பக்கத்தில் எங்கே ஏறலாம்?

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் அம்மனையே பார்ப்பது கஷ்டம், ஆனால் ராட்டினமும் கொலம்பஸும் கேட்காமலே கண்ணில் படும். கார்த்திகைக் கடைசி ஞாயிறு விரிஞ்சிபுரம். கோடை லீவில் வேலூர் எக்ஸிபிஷன். படகுக்கு ஏலகிரி புங்கனூர் ஏரி.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானமே போய்விடுங்கள். ஜெயண்ட் வீலைத் துண்டு துண்டாக லாரியில் இருந்து இறக்கி மாட்டிக்கொண்டிருப்பார்கள். போல்ட் முடுக்குகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போன வாரம் எந்த ஊர், அடுத்து எந்த ஊர், மோட்டார் எந்த வருஷத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை ஏறி இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.